‘ஜாடையாகச் சொன்னார்’ என்பதற்கு ஆங்கிலத்தில் எந்த வினைச்சொல்?

கேள்வி: ஆர்.கே.புரம் மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். டெல்லியில் உள்ள ஓர் அலுவலகத்தின் உள்விசாரணைக்காக, தமிழில் எழுதித் தரப்பட்ட சில வாக்குமூலங்களை ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். விசாரணை அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. நான் எழுதித் தரும் ஆங்கிலத்தை மட்டும் படித்துத்தான் அவர் ஒரு முடிவுக்கு வருவார் என்பதால், ஒவ்வொரு வினைச்சொல்லையும் எழுதுவதற்கு முன் மிகவும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

வாக்குமூலம் கொடுத்தவர்கள் தஞ்சாவூர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்தவர்கள். ஒன்றை நேராகச் சொல்லாமல் வேறுவிதமாகச் சொல்வதைக் குறிக்க அவர்கள் ‘ஜாடையாகச் சொன்னார்’, ‘நாசூக்காகச் சொன்னார்’, ‘பொடி வைத்துப் பேசினார்’, ‘குத்திக் காட்டினார்’, ‘சொல்லாமல் சொன்னார்’ என்று பல தொடர்களைக் கையாள்கிறார்கள். இவற்றுக்கு எதிரே ஆங்கிலத்தில் ஹின்ட், இம்ப்ளை, இன்சினுவேட், சஜெஸ்ட், அல்லூட், இன்டிமேட் என்று ஒரு வரிசை நிற்கிறது. அகராதியைத் திறந்தால் ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் படிப்பவர் மனத்தில் அவை ஒரே எடையில் விழுவதில்லை என்பது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

ஆட்களை அடையாளம் காண முடியாதபடி மாற்றி, மூன்று இடங்களைத் தருகிறேன். முதல் இடத்தில், ஒரு மேற்பார்வையாளர் பலர் முன்னிலையில், “ஸ்டோரில் கணக்குப் பார்க்கிறவர்கள் வீட்டில் மட்டும் எப்படியோ வருஷா வருஷம் ஒரு மாடி எழும்புகிறது” என்று சொன்னாராம். ஸ்டோர் பொறுப்பாளர் தம் வாக்குமூலத்தில் ‘என்னை ஜாடையாகத் திருடன் என்றார்’ என்று எழுதியிருக்கிறார். இரண்டாவது இடத்தில், ஓர் அதிகாரி தமக்குக் கீழே வேலை பார்ப்பவரிடம், “உங்கள் உடம்புக்கு டெல்லிக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, சென்னைக்கு ஒரு விண்ணப்பம் எழுதிப் போடலாமே” என்று சொல்லியிருக்கிறார். கேட்டவர் அதை ‘மாற்றல் வாங்கிக்கொண்டு போ என்று நாசூக்காகச் சொன்னார்’ என்று எழுதுகிறார். மூன்றாவது இடத்தில் ஒரு சாட்சி, ‘அவர் யாரைச் சொன்னார் என்று தெரியாது, ஆனால் எனக்கு அப்படித்தான் பட்டது’ என்கிறார்.

முதல் இடத்துக்கு ‘சஜெஸ்டிவ் ரிமார்க்’ என்று போட்டுவிடலாம் என்று உடன் வேலை செய்யும் ஒருவர் சொல்கிறார். ‘குறிப்பாகச் சொன்ன பேச்சு’ என்பதற்கு அது சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது என்பது அவர் வாதம். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை, ஆனால் காரணத்தைச் சரியாக எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி காட்டினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: தீஸ் ஹஸாரி வழக்கறிஞர்

ஐயா, வணக்கம். உங்கள் நண்பர் சொன்ன சொல்லை எக்காரணம் கொண்டும் அந்த இடத்தில் எழுதிவிடாதீர்கள். ‘சஜெஸ்ட்’ என்ற வினைச்சொல்லிலோ ‘சஜெஸ்ஷன்’ என்ற பெயர்ச்சொல்லிலோ விரசம் எதுவும் கிடையாது. ஆனால் ஒரு பேச்சையோ சைகையையோ பார்வையையோ ‘சஜெஸ்டிவ்’ என்று சொன்னால், ஆங்கிலம் படிக்கிறவர் அதைப் பாலியல் சாடை கொண்ட பேச்சு என்றே முதலில் எடுத்துக்கொள்வார். பணியிடத்தில் பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாலியல் சாயல் கொண்ட பேச்சையும் துன்புறுத்தல் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. அலுவலக விசாரணைக் கோப்பு ஒன்றில் அந்தச் சொல் ஏறிவிட்டால், மாடி கட்டியதைப் பற்றிய ஒரு வாய்ச்சண்டை முற்றிலும் வேறொரு குற்றச்சாட்டின் நிறத்தைப் பெற்றுவிடும். அதன்பின் அதைத் துடைப்பது எளிதன்று.

அதே சொல்லோடு ‘ஆஃப்’ சேர்ந்து வந்தால் அந்த நிறம் போய்விடுகிறது என்பதையும் கவனியுங்கள். ஸ்கேன் அறிக்கையில் ‘சஜெஸ்டிவ் ஆஃப் டியூபர்குளோசிஸ்’ என்று எழுதினால், காசநோயாக இருக்கக்கூடும் என்பதற்கான அறிகுறிகள் உள்ளன என்று மட்டுமே பொருள். நீதிமன்றத்தில் ‘சஜெஸ்ஷன்’ என்பதற்கு இன்னொரு வேலையும் உண்டு. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தம் கட்சியின் கதையைச் சாட்சியின் முகத்துக்கு நேரே வைப்பதற்கு அதுதான் பெயர். சாட்சி மறுத்தால், ‘இட் இஸ் ராங் டு சஜெஸ்ட் தட் ஐ ஆம் டிப்போஸிங் ஃபால்ஸ்லி’ (நான் பொய்ச் சாட்சி சொல்கிறேன் என்பது தவறு) என்ற வாய்பாடு தட்டச்சாகும். இங்குள்ள எந்தக் கீழமை நீதிமன்றக் கோப்பைப் பிரித்தாலும் அந்த வரி கண்ணில் படும். அங்கே மறைவுக்கு இடமே இல்லை. குற்றச்சாட்டு வெளிப்படையாகவே வைக்கப்படுகிறது. ஆகவே விசாரணைக் கோப்பில் ‘சஜெஸ்டட்’ என்று எழுதும்போது, சட்டம் படித்த ஒருவர் அதை ‘நேரில் முன்வைத்தார்’ என்று வாசிக்கவும் வாய்ப்பு இருக்கிறது.

இனி இம்ப்ளை, இன்சினுவேட் இரண்டுக்கும் வருகிறேன். ‘இம்ப்ளைட்’ என்று எழுதினால், சொன்னதற்குள் ஒரு பொருள் அடங்கியிருந்தது என்று மட்டும் தெரிவிக்கிறீர்கள். அதில் நல்லெண்ணம், கெட்ட எண்ணம் என்ற தீர்ப்பு எதுவும் இல்லை. ‘இன்சினுவேட்டட்’ என்று எழுதினால், பேசியவர் ஒருவரைப் பற்றிக் கெட்டதொன்றை, பொறுப்பேற்காமல், கேட்பவர் மனத்தில் நுழைக்கப் பார்த்தார் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடுகிறீர்கள். வளைந்து நெளிந்து உள்ளே புகுதல் என்பதுதான் அதன் லத்தீன் வேரின் கருத்து, அந்தத் தன்மை இன்றைக்கும் சொல்லை விட்டுப் போகவில்லை. சாட்சி அப்படிக் குற்றம் சாட்டினால், அது சாட்சியின் கூற்றாகவே வர வேண்டும். மொழிபெயர்ப்பாளரின் சொந்தக் குரலில் அது வரக்கூடாது.

சட்டமே இந்த மறைமுகப் பேச்சை எவ்வளவு நிதானமாகக் கையாள்கிறது என்று பாருங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-ஆம் பிரிவாக வந்திருக்கிறது. கிண்டலாகச் சொல்லப்பட்ட பழியும் அவதூறு ஆகலாம் என்று அதன் விளக்கம் ஒன்று கூறுகிறது. அதற்குத் தரப்பட்டுள்ள எடுத்துக்காட்டில் ஒருவர், ‘அவர் நேர்மையான மனிதர், கடிகாரத்தை அவர் ஒருபோதும் திருடவில்லை’ என்கிறார். திருடியவர் அவரே என்று பிறர் நம்ப வேண்டும் என்பது பேசியவருடைய நோக்கம் என்றால், விதிவிலக்குகளுக்குள் வராதவரை அது அவதூறுதான். இன்னோர் எடுத்துக்காட்டில், கடிகாரத்தைத் திருடியது யார் என்று கேட்கப்பட்டவர், பதிலாக ஓர் ஆளைச் சுட்டிக் காட்டுகிறார். இரண்டு இடங்களிலும் சட்டம் முதலில் நடந்ததை அப்படியே சொல்கிறது, நோக்கத்தைப் பிறகு தனியாகச் சொல்கிறது. ‘இன்சினுவேஷன்’ போன்ற முத்திரைச் சொல் எதையும் அது அங்கே பயன்படுத்தவில்லை.

நீங்களும் அந்த வழியைப் பின்பற்றுங்கள். மேற்பார்வையாளர் சொன்ன வாக்கியத்தை முதலில் தமிழிலேயே மேற்கோளாகக் கொடுங்கள். அடுத்து அதன் நேர்ப்பொருளை ஆங்கிலத்தில் கொடுங்கள். அதன் பிறகு, சாட்சியின் கருத்துப்படி இது தம்மைத் திருடன் என்று இம்ப்ளை செய்கிறது என்று எழுதுங்கள். அந்த வாக்கியத்தின் நோக்கம் என்ன என்பதை முடிவு செய்வது விசாரணை அதிகாரியின் பொறுப்பு. அதற்கான சரக்கு முழுவதும் அவர் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே நம் கடமை.

பதில்: மயூர் விஹார் ஆசிரியர்

வழக்கறிஞர் அம்மா சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். பள்ளியில் ஆங்கிலம் கற்பிப்பவன் என்ற முறையில், மூன்றாவது இடத்தைப் பற்றி முதலில் சொல்ல விரும்புகிறேன்.

‘எனக்கு அப்படித்தான் பட்டது’ என்பது கேட்டவருடைய செயல். அதற்கு ‘இன்ஃபர்’ என்பதே சரியான வினை. இம்ப்ளை செய்பவர் பேசுபவர். இன்ஃபர் செய்பவர் கேட்பவர். தமிழர்களாகிய நமக்கு இந்த வேறுபாடு அந்நியமானதன்று. திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற பெயரிலேயே இரண்டு அதிகாரங்கள் உள்ளன. அரசவையில் அமைச்சன் மன்னனின் முகத்தைப் படிப்பது 71-ஆம் அதிகாரம். காதலன் காதலியின் கண்ணைப் படிப்பது 110-ஆம் அதிகாரம். குறிப்பை உணர்த்துவது ஒருவர் வேலை, அதை அறிவது மற்றவர் வேலை என்பது இரண்டு இடங்களிலும் தெளிவாக இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த எல்லைக்கோடு நெடுங்காலமாகக் கலங்கியே வந்திருக்கிறது. ஆங்கில எழுத்தாளர் தாமஸ் மோர் 1528-இல் இரண்டு சொற்களையும் இன்றைய இலக்கணம் ஏற்கும் பொருளில் எழுதினார். அவரே 1533-இல் ‘இன்ஃபர்’ என்பதை இம்ப்ளைக்கு நெருங்கிய பொருளிலும் எழுதியிருக்கிறார். ஆனாலும் இன்றைய அலுவலக ஆங்கிலத்தில் இரண்டையும் மாற்றி எழுதினால், யார் என்ன செய்தார் என்பதே தலைகீழாகிவிடும். உங்கள் கோப்பில் அது சாதாரண விஷயமன்று. ‘தி விட்னஸ் இன்ஃபர்ட்’ என்று எழுதினால் பொறுப்பு சாட்சியின் ஊகத்தின் மேல் நிற்கிறது. ‘தி சூப்பர்வைசர் இம்ப்ளைட்’ என்று எழுதினால் அது மேற்பார்வையாளரின் தலையில் ஏறுகிறது.

‘இம்ப்ளை’ என்ற சொல்லுக்குள்ளேயே இரண்டு வலிமைகள் இருப்பதையும் மனத்தில் வையுங்கள். ஓர் எண் 10-ஆல் வகுபடும் என்றால் அது 5-ஆலும் வகுபடும் என்பதைக் கணக்கு ஆசிரியர் இதே சொல்லால்தான் சொல்வார். அங்கே தப்பிக்க வழி கிடையாது. ஒருவர் பேச்சில் தொனிக்கும் பொருளோ அப்படிக் கட்டாயமானதன்று. இந்த இரண்டாவது வகையைப் பிரித்துக் காட்டுவதற்காகவே பால் கிரைஸ் என்ற தத்துவ அறிஞர், 1967-இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில் ‘இம்ப்ளிகேச்சர்’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அந்த உரைகளில் ஒன்று 1975-இல் அச்சில் வந்தது. அவர் தந்த எடுத்துக்காட்டு புகழ்பெற்றது. தத்துவத் துறையில் வேலை கேட்கும் மாணவனுக்காக ஓர் ஆசிரியர் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறார். பையனின் ஆங்கிலம் நன்றாக இருக்கிறது, வகுப்புக்கு ஒழுங்காக வந்தான் என்பதற்கு மேல் அந்தக் கடிதத்தில் ஒன்றும் இல்லை. தத்துவம் தெரியுமா என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாததே, தெரியாது என்று சொல்லிவிடுகிறது. ‘சொல்லாமல் சொன்னார்’ என்று உங்கள் சாட்சி எழுதியிருப்பது இதைத்தான்.

கிரைஸ் சொன்ன ஒரு சோதனை உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். தொனிப்பொருளைப் பேசியவரே, தாம் சொன்னதற்கு முரண்படாமல், திரும்பப் பெற்றுக்கொள்ள முடியும். மாடி எழும்புகிறது என்று சொன்னவர் அடுத்த மூச்சில், “நான் யாருடைய பெயரையாவது சொன்னேனா?” என்று கேட்கலாம். அப்படிக் கேட்டால் அவர் வாக்கியம் உடைந்துவிடுவதில்லை. நம் ஊர்ச் சண்டைகளில் இந்தக் கேள்வி வராத நாளே இருக்காது. இந்தத் தப்பிக்கும் வழியை முன்கூட்டியே திறந்து வைத்துக்கொண்டு, இன்னொருவர்மீது பழி விழும்படி பேசுவதற்குத்தான் ‘இன்சினுவேட்’ என்று பெயர்.

மறைமுகமாகப் பேசுவதெல்லாம் கெட்ட எண்ணத்தில் பிறப்பதில்லை. புறநானூற்றின் 95-ஆம் பாட்டை நினைத்துப் பாருங்கள். அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவன் காட்டிய படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் பாடுகிறார். இங்குள்ள வேல்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டுக் காவல் மிகுந்த மனையில் இருக்கின்றன. எங்கள் அரசனின் வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார். கேட்பதற்கு முன்னது புகழ்ச்சி போல இருக்கிறது. நீ போர் பார்த்தவன் இல்லை என்ற பொருள் அடியில் கிடக்கிறது. அந்தப் பாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போது நான் ‘இம்ப்ளைஸ்’ என்றே எழுதுவேன். எதிரே நிற்பவனிடமே, அவன் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொன்ன சொல்லை ‘இன்சினுவேட்’ என்று எழுத என் கை ஓடாது.

உங்கள் இரண்டாவது இடத்துக்கும் இதுவே அளவுகோல். குளிரைப் பற்றிப் பேசிய அதிகாரி, எதிரில் இருப்பவருக்கே ஒன்றைத் தெரிவிக்க விரும்பினார், அவர் புரிந்துகொண்டு அதன்படி நடக்க வேண்டும் என்றும் விரும்பினார். அதற்கு ‘ஹின்டட்’ என்பது கச்சிதமாகப் பொருந்தும். ‘நாசூக்காக’ என்பதில் உள்ள பதவிசையும் காட்ட வேண்டுமானால் ‘டாக்ட்ஃபுலி’ என்று சேர்க்கலாம். ஆனால் பேசிய அதிகாரி பதவிசாகப் பேசினார் என்பதும் சாட்சியின் மதிப்பீடே என்பதால், வழக்கறிஞர் சொன்ன முறையில் அதையும் சாட்சியின் பெயரிலேயே எழுதுங்கள்.

‘அல்லூட்’ உங்களுக்கு இங்கே தேவைப்படாது. கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு நிகழ்ச்சியையோ நூலையோ ஆளையோ, பெயர் சொல்லாமல் தொட்டுவிட்டுப் போவது அது.

பதில்: சரோஜினி நகர் வாசகர்

ஒரு சின்னச் சேர்க்கை. நீங்கள் எழுதிய வரிசையில் ‘இன்டிமேட்’ இருக்கிறது. அதைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். இங்கிலாந்து ஆங்கிலத்தில் அந்த வினைச்சொல்லுக்குக் குறிப்பாகத் தெரிவித்தல் என்ற பொருளும் உண்டு. ஆனால் நம் நாட்டு அலுவலகங்களில் அதை அப்படிப் படிப்பவர் யாரும் இல்லை. வங்கியாக இருந்தாலும் ரயில்வேயாக இருந்தாலும் ‘கைண்ட்லி இன்டிமேட்’ என்றால் முறைப்படி எழுத்தில் தெரிவியுங்கள் என்றுதான் அர்த்தம். நான் மத்திய அரசு அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என் பணிக்காலம் முழுவதும் வேறு பொருளில் அதைப் பார்த்ததில்லை. குளிரைப் பற்றிப் பேசிய அந்த அதிகாரி மாற்றலை ‘இன்டிமேட்டட்’ என்று நீங்கள் எழுதினால், மாற்றல் உத்தரவே வந்துவிட்டதாக விசாரணை அதிகாரி எண்ணி அதன் நகலைக் கேட்பார்.

பதில்: ஆர்.கே.புரம் மொழிபெயர்ப்பாளர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சஜெஸ்டிவ் என்பதை ஏன் விலக்க வேண்டும் என்பதை உடன் வேலை செய்பவரிடம் எடுத்துச் சொன்னேன், அவரும் ஏற்றுக்கொண்டார். முதல் இடத்தில் வழக்கறிஞர் அம்மா சொன்னபடி மூலத் தமிழ், நேர்ப்பொருள், சாட்சியின் கருத்து என்ற வரிசையில் எழுதிவிட்டேன்.

இரண்டு தொடர்கள் மட்டும் மீதி இருக்கின்றன. ஒரு சாட்சி, மேலாளர் தம்மிடம் ‘பொடி வைத்துப் பேசினார்’ என்கிறார். ஆனால் என்ன பேசினார் என்ற வாக்கியத்தை எழுதவில்லை. இன்னொருவர், பழைய கடன் ஒன்றைச் சொல்லி ‘எல்லார் முன்னாலும் குத்திக் காட்டினார்’ என்கிறார். இவற்றுக்கு ‘இன்னுவெண்டோ’ சரிப்படுமா?

பதில்: மயூர் விஹார் ஆசிரியர்

குத்திக் காட்டுதலை இந்தக் குடும்பத்திலிருந்தே வெளியே எடுத்துவிடுங்கள். ஒருவருடைய பழைய குறையையோ, தாம் அவருக்குச் செய்த உதவியையோ, அவர் மனம் நோகும்படி எடுத்துச் சொல்வது அது. பெரும்பாலும் நேராகவே சொல்லப்படும். கடனைச் சொல்லித்தான் குத்திக் காட்டினார் என்று சாட்சியே எழுதியிருக்கும்போது அங்கே ஒளிந்திருக்கும் பொருள் என்று எதுவும் இல்லை. ‘டான்டட்’ என்று எழுதி, எதைச் சொல்லி என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

பொடி வைத்துப் பேசுவதற்கு ‘வெயில்ட் ரிமார்க்ஸ்’ என்பது நெருங்கி வருகிறது. மேலே ஒரு திரை இருக்கிறது என்று மட்டும் அது சொல்லும், திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்லாது. இன்னுவெண்டோ என்ற சொல்லைப் பற்றி வழக்கறிஞர் அம்மா சொல்வதே பொருத்தம்.

பதில்: தீஸ் ஹஸாரி வழக்கறிஞர்

இன்னுவெண்டோ வேண்டாம், ஐயா. தலையசைத்துக் குறிப்புக் காட்டுதல் என்ற லத்தீன் வேரிலிருந்து வந்த அந்தச் சொல், பழைய லத்தீன் வழக்கு ஆவணங்களில் ‘அதாவது இன்னாரைக் குறித்து’ என்று விளக்கம் சேர்க்கும் இடத்தில் வந்தது. அவதூறு வழக்குகளில் இன்றைக்கும் அதற்குத் தனியான தொழில்நுட்பப் பொருள் இருக்கிறது. மேலோட்டமாகக் குற்றமற்ற சொற்கள், சில விவரங்கள் தெரிந்தவர்களுக்கு மட்டும் பழியாகப் படும் என்று வழக்குத் தொடுப்பவர் எடுத்துச் சொல்லி நிரூபிக்க வேண்டிய பொருள் அது. பேச்சு வழக்கிலோ, அந்தச் சொல்லும் சஜெஸ்டிவ் போலவே விரசத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. இரண்டு வகையிலும் உங்கள் கோப்புக்கு அது ஆகாது.

என்ன பேசினார் என்ற வாக்கியமே இல்லாத வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் மட்டும் தெளிவாக்க முயலாதீர்கள். ஆசிரியர் சொன்ன ‘வெயில்ட் ரிமார்க்ஸ்’ என்பதை எழுதி, பேசப்பட்ட சொற்கள் வாக்குமூலத்தில் தரப்படவில்லை என்று சதுர அடைப்புக்குள் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாக ஒரு வரி சேருங்கள். அந்த வரியைப் பார்த்தால் விசாரணை அதிகாரி சாட்சியை மறுபடி அழைத்து, மேலாளர் பேசிய சொற்கள் எவை என்று கேட்பார். மூலப் பிரதியின் பக்க எண்ணையும் அதே குறிப்பில் கொடுத்துவிடுங்கள்.